சிம்சிட்டி 4: இலவசக் கட்டடங்கள், மாட்கள் எல்லாவற்றையும் பழுப்புப் பெட்டி வராமல் போடுவது எப்படி?

சிம்சிட்டி 4 என்ற நகரம் கட்டும் கணினி ஆட்டத்துக்கு வெளியிலிருந்து முதல் தடவை ஒரு கட்டடத்தை இறக்கிப் போட்டபோது, என் நகரத்தின் நட்டநடுவில் ஒரு பழுப்பு நிறப் பெட்டி வந்து நின்றது. ஜன்னல் இல்லை, கதவு இல்லை. அட்டைப்பெட்டியை யாரோ சாலையோரம் இறக்கிவைத்துவிட்டுப் போன மாதிரி. படத்தில் பார்த்தது அழகான பழைய ரயில் நிலையம். ஃபைல் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மூன்று முறை திரும்பத் திரும்ப இறக்கினேன். மூன்று முறையும் அதே பெட்டி.

ஃபைலில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஒரு விஷயம் தெரியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

நகரத்துக்குள் கட்டடம் கிடையாது

நீங்கள் சேவ் செய்யும் நகர ஃபைலில் கட்டடத்தின் படம் இருக்காது. 'இந்த இடத்தில் இந்த எண்ணுள்ள கட்டடம் நிற்கிறது' என்ற குறிப்புதான் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் டைப், குரூப், இன்ஸ்டன்ஸ் என்று மூன்று எண்கள் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது, வெளியிலிருந்து இறக்கியதைப் போடும் ப்ளகின்ஸ் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் படித்து, எந்த எண்ணுக்கு எந்தப் பொருள் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறது. நகரத்தைத் திறக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கட்டடங்களை நிறுத்துகிறது.

எண் இருந்து, அதற்குரிய மாடல், அதாவது கட்டடத்தின் உருவம், கிடைக்காவிட்டால் பழுப்புப் பெட்டி. ஒரே எண்ணில் இரண்டு பொருள் இருந்தால், கடைசியாகப் படித்தது ஜெயிக்கும். நகரத்தில் பயன்பாட்டில் இருக்கும் ஃபைலை அழித்தால், எண் மட்டும் அநாதையாக நிற்கும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருந்தன.

படி 1: எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்?

ஆட்டம் வந்தது 2003 ஜனவரியில். அதே ஆண்டு செப்டம்பரில் ரஷ் அவர் என்ற விரிவாக்கம் வந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் டீலக்ஸ். உங்களிடம் டீலக்ஸ் இருக்க வேண்டும். ரஷ் அவர் இல்லாத வெறும் ஆட்டத்தில் முக்கியமான மாட்கள் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கைகள்) ஓடாது.

அடுத்தது பதிப்பு எண். ஆட்டத்தின் இஎக்ஸ்இ ஃபைலை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பாருங்கள். ஸ்டீம், ஜிஓஜி போன்ற இடங்களில் வாங்கியிருந்தால் 1.1.641 என்று இருக்கும். பழைய சிடி என்றால் பேட்ச் போட்டபின் 638 அல்லது 640 வரைதான் வரும். அண்மை ஆண்டுகளில் வந்த டிஎல்எல் வகை மாட்கள் (ஆட்டத்தின் நிரலோடு சேர்ந்து ஓடுபவை) பெரும்பாலும் 641-ஐத்தான் கேட்கின்றன. சிடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். தள்ளுபடி சமயத்தில் டிஜிட்டல் பதிப்பை வாங்கிவிடுவது நல்லது.

படி 2: ஆட்டம் விழாமல் இருக்க

இது 32 பிட் ஆட்டம். அப்படியே விட்டால் 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் தொடாது. மாட்கள் ஏற ஏற அது போதாமல் ஆட்டம் சட்டென்று டெஸ்க்டாப்புக்குத் தூக்கி எறியும். என்டிகோர் தரும் 4 ஜிபி பேட்ச் என்ற சின்ன இலவசக் கருவியை இறக்கி, அதில் இஎக்ஸ்இ ஃபைலைக் காட்டுங்கள். ஒரு நிமிட வேலை.

இன்னொன்று: இந்த ஆட்டம் பல கோர்களில் ஓடும்போது தடுமாறும். ஸ்டீமில் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில், ஒரு கோர் மட்டும் பயன்படுத்தச் சொல்லும் 'சிபியு கவுண்ட் 1' கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். திரை அளவைக் கூட்டும் கட்டளையும் அங்கேயே போடலாம். ஆட்டத்துக்குள் கிராபிக்ஸை ஹார்டுவேர் முறையில் வையுங்கள். சாஃப்ட்வேர் முறையில் எச்டி மாடல்கள் சரியாகத் தெரியாது. ஹார்டுவேர் முறையில் சாலைகள் மினுக்கினால் டிஜிவூடூ என்ற கருவி பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

படி 3: ப்ளகின்ஸ் ஃபோல்டர்

இரண்டு ப்ளகின்ஸ் ஃபோல்டர்கள் உண்டு. ஒன்று ஆட்டம் இன்ஸ்டால் ஆன இடத்தில். இன்னொன்று டாக்குமென்ட்ஸில், சிம்சிட்டி 4 என்ற ஃபோல்டருக்குள். நீங்கள் வேலை செய்ய வேண்டியது இரண்டாவதில். முதலாவதைத் தொடாதீர்கள்.

உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் உங்களுக்கே தெரியாமல் ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். விண்டோஸ் இதைச் சத்தமில்லாமல் செய்யும். அப்புறம், நீங்கள் ஃபைல் போடுவது ஓரிடம், ஆட்டம் படிப்பது ஓரிடம் என்று ஆகி, 'எதுவுமே வரவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஆட்டத்தை ஒருமுறை திறந்து, ஒரு நகரத்தைச் சேவ் செய்துவிட்டு, எந்த ஃபோல்டரில் தேதி மாறியிருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். முழுப் பாதையின் நீளம் விண்டோஸின் 260 எழுத்து வரம்பைத் தாண்டினால் ஆட்டம் அந்த ஃபைலை எட்டாது. எச்சரிக்கையும் வராது.

அதோடு, நீங்கள் சேவ் செய்த நகரங்கள் இருக்கும் ரீஜன்ஸ் ஃபோல்டரையும் (பல நகரங்கள் சேர்ந்த நிலப்பரப்புதான் ரீஜன்) ப்ளகின்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தே பேக்கப் எடுங்கள். நகரம் என்பது இரண்டும் சேர்ந்ததுதான். ரீஜன்ஸை மட்டும் காப்பாற்றி வைத்தால், வீட்டுப் பத்திரம் கையில் இருக்கும், வீடு இருக்காது.

படி 4: முதலில் நாம்

நெட்வொர்க் ஆட்-ஆன் மாட் என்பதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் 'நாம்' என்று வருகிறது. பொருத்தமான பெயர்தான், பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் 2004-இலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சாலை, ரயில், பாலம் எல்லாம் இதில் நூற்றுக்கணக்கில் கூடும். ஆனால் நான் இதை முதலில் போடச் சொல்வது வேறு காரணத்துக்காக. ஆட்டத்தைச் செய்த மாக்சிஸ் நிறுவனம் கொடுத்த போக்குவரத்துக் கணக்கில் ஒரு கோளாறு: வண்டிகள் நேரம் குறைவான வழியைவிடத் தூரம் குறைவான வழியையே பெரிதும் நாடும். பக்கத்திலேயே நெடுஞ்சாலை காலியாகக் கிடக்க, எல்லாரும் சந்துக்குள் புகுந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் மேலும் மேலும் நெடுஞ்சாலை போட்டுக் காசை இழப்பீர்கள். 'நாம்' மாட் போட்டால் இந்தக் கணக்கு சரியாகிறது. ஒரு புதுக் கட்டடம்கூடப் போடாமல் இதை மட்டும் போட்டு விளையாடினாலே வேறு ஆட்டம் மாதிரி இருக்கும்.

இன்ஸ்டாலர் நிறையக் கேட்கும். பயப்படாமல் முதல் முறை அது காட்டும் இயல்பான தேர்வுகளையே வையுங்கள். வண்டி சாலையின் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நம்மூர் மாதிரி இடப்பக்கம் ஓடும் ஆட்டப் பதிப்புகளும் உண்டு, வலப்பக்கம் ஓடுவதும் உண்டு. உங்கள் ஆட்டத்தில் எந்தப் பக்கமோ அதையே கொடுங்கள், ஆசைப்பட்டு மாற்றாதீர்கள். 4 ஜிபி பேட்ச் போடாமல் இதை இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

படி 5: ஒரு கட்டடத்தைக் கையால் போடுதல்

இப்போது கட்டடம். பெரிய கிடங்கு சிம்ட்ராபொலிஸின் எஸ்டெக்ஸ். அடுத்து எஸ்சி4 எவர்மோர். பழைய எஸ்சி4 டிவோஷனில் இருந்த பல அடிப்படைத் தொகுப்புகள் இப்போது அங்கே கிடைக்கின்றன. இரண்டிலும் கணக்குத் தொடங்குவது இலவசம்.

ஒரு கட்டடத்தின் பக்கத்தைத் திறந்ததும் எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் 'டிபென்டென்சீஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். கட்டடத்தைச் செய்தவர் அதன் முன்னால் நிற்கும் கார், மரம், பெஞ்ச், நடைபாதைக் கல் எல்லாவற்றையும் தானே செய்திருக்க மாட்டார். இந்தச் சின்னப் பொருள்களுக்கு ப்ராப் என்று பெயர். வேறொருவர் செய்துவைத்த தொகுப்பிலிருந்து எண்ணைச் சொல்லி எடுத்துக்கொள்வார். அந்தத் தொகுப்பு உங்களிடமும் இருந்தால்தான் அவை தெரியும். பிஎஸ்சி மெகா ப்ராப்ஸ், பிஎஸ்சி டெக்ஸ்ச்சர்ஸ் என்ற பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் நூறு கட்டடத்துக்கு உதவும்.

என் ரயில் நிலையத்துக்கு வந்த கதை இதுதான். நான் இறக்கிய ஃபைலில் இருந்தது நிலம், அதன் அளவு, செலவு, எத்தனை பயணிகள் என்ற விவரங்கள் மட்டும். கட்டடத்தின் மாடல் தனி ஃபைலாக, தனிப் பக்கத்தில் இருந்தது. கூட வந்த ரீட்மீயில் நாலாவது வரியிலேயே எழுதியிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

பிரித்துப் பார்த்தால் உள்ளே பெயரின் முடிவில் வெவ்வேறு வால் உள்ள ஃபைல்கள் இருக்கும். எஸ்சி4லாட் என்பது மனை. எஸ்சி4டெஸ்க் என்பது கட்டடத்தின் குணங்கள். எஸ்சி4மாடல் என்பது உருவம். டேட் என்பது எல்லாம் கலந்த மூட்டை. தொகுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இவைதான் ஆட்டத்துக்கு வேண்டும். படங்கள், ரீட்மீ எல்லாம் ப்ளகின்ஸுக்குள் போக வேண்டியதில்லை. ஆனால் ரீட்மீயை எறிந்துவிடாதீர்கள், தனி ஃபோல்டரில் சேர்த்துவையுங்கள்.

சில ஃபைல்களில் மாக்சிஸ்நைட், டார்க்நைட் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். முதலாவது ஆட்டத்தின் இயல்பான நீல வெளிச்ச இரவுக்கு. இரண்டாவது, இரவை நிஜமாகவே இருட்டாக்கும் மாட் வைத்திருப்பவர்களுக்கு. ஏதாவது ஒன்றைத்தான் போட வேண்டும். இரண்டும் ஒரே எண். இரண்டையும் போட்டால் எது வரும் என்பது ஃபோல்டர் பெயரின் அதிர்ஷ்டம்.

'குரோயபிள்', 'பிளாப்பபிள்' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். முதல் வகை நீங்கள் மண்டலம் ஒதுக்கியபின் தானாக முளைக்கும். எப்போது முளைக்கும் என்று உங்கள் கையில் இல்லை. இரண்டாவது வகை மெனுவிலிருந்து எடுத்து வைப்பது. ஒரு கட்டம் என்பது 16 மீட்டர் சதுரம். 3×4 என்று போட்டிருந்தால் 48-க்கு 64 மீட்டர் இடம் வேண்டும்.

போட்டாயிற்றா? நேராக உங்கள் பெரிய நகரத்தைத் திறக்காதீர்கள். சோதனைக்கென்று ஒரு ரீஜன் வைத்துக்கொண்டு, அதில் ஒரு சின்ன நகரத்தில் வைத்துப் பாருங்கள். கட்டடம் வந்தது, ஆனால் முன்வாசல் மொட்டையாக இருக்கிறது என்றால் ப்ராப் தொகுப்பு ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பழுப்புப் பெட்டி என்றால் மாடல் விட்டுப்போயிருக்கிறது.

படி 6: கையால் போட்டது போதும், எஸ்சி4பேக்

மேலே சொன்னதைப் பத்துக் கட்டடத்துக்குச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஒன்று கேட்கும் தொகுப்பு இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். பல வருஷம் எல்லாரும் இப்படித்தான் செய்தோம்.

இப்போது எஸ்சி4பேக் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. கட்டடத்தின் பெயரைச் சொன்னால், அதற்கு வேண்டிய எல்லாத் தொகுப்புகளையும் தானே கண்டுபிடித்து இறக்கி, சரியான ஃபோல்டரில் வைத்துவிடும். ஓடுவதற்கு ஜாவா வேண்டும். முதல் முறை சில கேள்விகள் கேட்கும்: வண்டி எந்தப் பக்கம், இரவு எந்த வகை என்பது போல. மாக்சிஸ்நைட், டார்க்நைட் குழப்பமெல்லாம் அந்த ஒரே பதிலில் தீர்ந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் வெறும் ப்ளகின்ஸ் ஃபோல்டரில் இதிலிருந்தே தொடங்குவது நல்லது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஃபைல் சேர்த்து வைத்திருப்பவர், பழையதோடு இதைக் கலக்காமல், பழைய ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டுப் புது ரீஜனில் முயன்று பார்க்கலாம். எல்லாக் கட்டடமும் இதன் பட்டியலில் இல்லை. அதனால்தான் படி 5-ஐ விலாவாரியாக எழுதினேன்.

படி 7: வரிசை

ஆட்டம் ஃபோல்டர்களை ஆங்கில அகர வரிசையில் படிக்கிறது. ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால், பின்னால் படித்தது முன்னால் படித்ததை மூடிவிடும். ஒரு மாட் இன்னொன்றைத் திருத்துவதற்கான வழியே இதுதான். 'நாம்' மாட் தன் ஃபோல்டர் பெயரை ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான இசட்டில் தொடங்குவது இதனால்தான்.

எஸ்சி4பேக் இதையே எண்களால் செய்கிறது: 200 குடியிருப்பு, 300 வணிகம், 400 தொழில், 700 போக்குவரத்து, 900 மற்றதை மீற வேண்டியவை. கையால் அடுக்குபவர்களும் இதைக் காப்பியடிக்கலாம். நான் முன்பெல்லாம் செய்தவர் பெயரில் ஃபோல்டர் வைத்திருந்தேன். பார்க்க மரியாதையாக இருந்தது, ஆனால் எது எதை மூடுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

டிஎல்எல் மாட்களுக்கு மட்டும் வேறு விதி. அவை ப்ளகின்ஸ் ஃபோல்டரின் மேல்தட்டிலேயே இருக்க வேண்டும்; உள்ஃபோல்டரில் போட்டால் ஆட்டம் கண்டுகொள்ளாது. பார்க் மெனுவில் 400 கட்டடம் சேர்ந்து விரல் வலிக்க உருட்டுபவர்களுக்கு சப்மெனுஸ் டிஎல்எல் ஒரு வரம். மெனுவை உட்பிரிவுகளாகப் பிரித்துத் தரும். எஸ்சி4ஃபிக்ஸ் என்பதை மறக்காமல் போடுங்கள். காரணம் அடுத்த படியில்.

படி 8: எடுப்பது, போடுவதைவிடக் கஷ்டம்

ஒரு தொகுப்பு பிடிக்கவில்லை என்றால் ஃபைலை அழித்துவிட்டு நகரத்தைத் திறக்காதீர்கள். முதலில் நகரத்தில் அந்தக் கட்டடங்களை இடியுங்கள், சேவ் செய்யுங்கள், ஆட்டத்தை மூடுங்கள், அப்புறம் ஃபைலை எடுங்கள். ரீஜனில் பல நகரங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் இதைச் செய்ய வேண்டும்.

ப்ராப் தொகுப்புகளை எடுக்கவே எடுக்காதீர்கள். 'ப்ராப் பாக்ஸ்' என்று இந்த உலகத்தில் ஒரு வியாதி உண்டு, அம்மை மாதிரிதான். நகர ஃபைலில் ப்ராப்களின் கணக்கு கெட்டு, சேவ் செய்யச் செய்ய நகரத்தில் மரங்களும் கார்களும் ஒவ்வொரு பகுதியாக மறைந்துகொண்டே வரும். வந்தபின் மருந்து இல்லை. பேக்கப்தான். இது வராமல் தடுக்கும் திருத்தம் எஸ்சி4ஃபிக்ஸில் இருக்கிறது.

ஆட்டம் விழுகிறது, எதனால் என்று தெரியவில்லை என்றால் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். ஃபைல்களில் பாதியை வெளியே எடுத்துவைத்து, சோதனை ரீஜனைத் திறங்கள். விழவில்லையா? குற்றவாளி வெளியே இருக்கும் பாதியில். அதில் பாதியை உள்ளே விடுங்கள். ஆயிரம் ஃபைல் இருந்தாலும் பத்து முறைக்குள் ஆள் சிக்கிவிடுவான். உங்கள் நிஜ நகரத்தை இந்த விசாரணைக்கு அழைக்காதீர்கள், அதைத் திறந்து தெரியாத்தனமாகச் சேவ் செய்துவிட்டால் போச்சு.

ஆட்டம் திறக்க நிமிஷக்கணக்கில் ஆகிறது என்றால் டேட்பேக்கர் என்ற கருவி சின்ன ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. கட்டுவதானால் மூல ஃபைல்களைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நிலமும் இலவசம்தான்

கட்டடத்திலேயே மயங்கிப் பலர் வரைபடங்களை விட்டுவிடுகிறார்கள். ரீஜன் ஃபோல்டருக்குள் ஒரு சின்னப் படம் இருக்கும். அதில் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். சிவப்புப் புள்ளி சின்ன நகரம். பச்சையில் 2×2 நடுத்தரம். நீலத்தில் 4×4 பெரியது. அதோடு ஒரு கறுப்பு வெள்ளை உயரப் படமும் தருவார்கள். ரீஜன் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்து ஆர் அழுத்தினால் அந்தப் படத்தைக் கேட்கும். கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். பெரிய ரீஜன் என்றால் நிறைய நேரம் எடுக்கும். உண்மையான ஊர்களின் மலையும் ஆறும் அப்படியே வந்து நிற்பதைப் பார்க்க ஒரு தனிச் சுகம்.

நீங்களே செய்ய

மாக்சிஸே மனைகளை மாற்றியமைக்கும் லாட் எடிட்டர் என்ற கருவியை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. 2004-இல் கட்டடம் செய்யும் பாட் கருவியையும் கொடுத்தது. பாட் ஓட ஜிமேக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். அது நின்றுபோய் ரொம்ப நாளாகிறது, ஆனால் பிளெண்டரிலிருந்தே ஏற்றுமதி செய்யும் வழி இப்போது இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் கேமரா இஷ்டம்போல் சுழலாது, நான்கு திசை, ஐந்து ஜூம், அவ்வளவுதான். அதனால் ஒரு கட்டடத்தை இருபது கோணங்களில் முன்கூட்டியே படம் பிடித்து, அந்தப் படத்தை ஒரு எளிய பெட்டியின் மேல் போர்த்திவிடுகிறார்கள். இரவுக்கு இன்னொரு இருபது. இருபது வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தில் ஓட்டு வீட்டின் ஒவ்வொரு ஓடும் தெரிவதன் ரகசியம் இதுதான்.

ஆனால் பாட்டில் தொடங்காதீர்கள். லாட் எடிட்டரில் மாக்சிஸின் ஏதாவது ஒரு சின்னப் பூங்காவைத் திறந்து, உடனே புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். புதுப் பெயரில் சேவ் செய்தால்தான் புது எண் கிடைக்கும். இல்லாவிட்டால் எல்லா நகரத்திலும் உள்ள பழைய பூங்காவின் மேல் உங்களுடையது உட்கார்ந்துவிடும். இடது ஓரத்து மரத்தைத் தூக்குங்கள். ப்ராப் பட்டியலிலிருந்து ஒரு பெஞ்சை இழுத்து அங்கே வைத்து, சாலையைப் பார்க்கத் திருப்புங்கள். சேவ் செய்து, ஆட்டத்தைத் திறந்து, சோதனை நகரத்தில் வையுங்கள். பெஞ்ச் அநேகமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மறுபடி எடிட்டரைத் திறந்து தொண்ணூறு டிகிரி சுற்றுங்கள்.

அதை மற்றவர்களுக்குக் கொடுப்பதென்றால், பிறர் செய்த தொகுப்பை உங்கள் மூட்டைக்குள் சேர்த்துக் கட்டாமல், எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். ரீட்மீயில் அந்த வரியை நாலாவதாக எழுதாமல் முதலாவதாகவே எழுதுங்கள். என்னைப் போன்றவர்கள் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள்.